ஃப்ரீசர் பெட்டியில் கிடந்த பயறு

தக்கலையில் பந்தல், நாற்காலி, சாவு வீட்டுக்கு ஃப்ரீசர் பெட்டி என்று வாடகைக்கு விடுபவர் சுயம்புராஜ். ஊரில் யாரும் சாகாத நாளிலும் அவர் வீட்டில் அந்தப் பெட்டி உறுமிக்கொண்டே இருக்கும். உள்ளே காய்கறி விதை. விதைத்தது போக மிஞ்சிய வெண்டையும் பாகலும் பொட்டலம் பொட்டலமாகக் குளிரில் கிடக்கும். வீட்டு ஃப்ரிட்ஜில் மீன் வைக்கவே இடம் போதாது என்று மனைவி தாணம்மாள் விதையை அங்கே அண்டவிட மாட்டாள்.

மிஞ்சியதை வைக்கத் தொடங்கியவர், போகப் போக விதைப்பதையே விட்டுவிட்டார். மழை என்றால் அழுகிவிடுமாம், வெயில் என்றால் கருகிவிடுமாம். முழ நீளம் காய்க்கும் பயறு ஒன்று அவரிடம் இருந்தது. வேறெங்கும் கிடைக்காது, கடைசிப் பொட்டலம். அதில் தேங்காய்ப் பூ போட்டு ஒரு துவரன் பொரியல் வைக்க ஆசைப்பட்டு, தாணம்மாள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். இப்படியும் ஒரு மனுஷன்!

போன ஆவணியில் திருவிதாங்கோட்டு சிவதாணு இறந்தார். பெட்டியைக் கொண்டுபோகும் அவசரத்தில் மற்றப் பொட்டலங்களை எடுத்த சுயம்புராஜ், தட்டுக்கு அடியில் கிடந்த பயறை மறந்துவிட்டார். சிவதாணு அதன்மேல் படுத்தார். வீட்டுத் தோட்டமான சொந்த விளையிலேயே எரித்தார்கள். மறுநாள் சாம்பல் அள்ளிய இடத்தில் நவதானியம் விதைக்க வேண்டும். பெட்டியைத் துடைத்த சிவதாணுவின் மகன் அனில்குமார் பொட்டலத்தைக் கண்டான். பெட்டியோடு சேர்த்துக் கொடுத்த நவதானியம் என்று நினைத்து, அதையே விதைத்துவிட்டான்.

விஷயம் தெரிந்து சுயம்புராஜ் ஓடியபோது பயறு முளைத்திருந்தது.

"அனிலே, அது என் விதையாக்கும். மண்ணோட தோண்டி எடுத்துக்கிடட்டா?"

"என்ன அண்ணாச்சி சொல்லுதிய? இப்ப அது எங்க அப்பாவாக்கும்."

அதன்பின் அடிக்கடி போய்த் தண்ணீர் ஊற்றினார். உயிரோடு இருந்த சிவதாணுவிடம் முகம் கொடுத்துப் பேசாதவர், பயறுக்குப் பந்தல்கூட போட்டுக் கொடுத்தார். பார்த்தவர்கள், இப்படியொரு சிநேகிதமா என்று கண் கலங்கினார்கள். காய் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. அப்பாவைக் கறி வைக்க அந்த வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை. முற்றிக் காய்ந்த நெற்று முழுவதையும் அவருக்கே கொடுத்தார்கள்.

அள்ளிக்கொண்டு வந்தவர் நேரே பெட்டியைத் திறந்தார். தாணம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"நான் கேட்டப்போ ஒரு விதை மண்ணுக்குப் போகல்ல. அவரு செத்தாரு, உடனே காச்சிட்டு. ஒரு துவரன் திங்கணும்னா நானும் இதுல படுக்கணுமா?"

சுயம்புராஜ் மூடியை மெல்ல இறக்கினார். மம்பட்டி எங்கே இருக்கிறது என்று அவளிடமே கேட்டார்.