ஸ்கேன் பண்ணினால் வரும் பேர்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனால் இந்த டவுன்ஷிப்பில் என் டீயைக் குடிக்காமல் முதல் ஷிப்ட்டுக்குப் போன ஆள் குறைவு. தள்ளுவண்டியில் ஆரம்பித்ததை, பஸ் ஸ்டாப்புக்கு எதிரே கடையாக நிமிர்த்தியது இந்த இரண்டு கைகள்தான். யார் தயவும் இல்லை.

அப்பேர்ப்பட்ட கடையில் காலைக் கூட்டம் குறைந்தது. காரணம் டீ இல்லை, சில்லறை. மைன்ஸ் பஸ்ஸுக்கு ஓடுகிறவன் மீதிச் சில்லறைக்கு நிற்பானா? போனிலேயே பணம் அனுப்ப ஸ்கேன் அட்டை மாட்டியிருந்த பக்கத்துப் புதுக் கடைக்குப் போய்விட்டார்கள்.

அட்டை கொடுக்கிறவரை நானே கூப்பிட்டேன். என் பேர் ஆதாரில் ஒரு மாதிரி, பேங்கில் ஒரு மாதிரி இருக்கிறது, சேராது என்றார். மகளிர் குழுவுக்காக என் மனைவி வைத்திருந்த கணக்கில் சிக்கல் இல்லை. அதிலேயே போடச் சொல்லிவிட்டேன். முடிவெடுக்க யோசிக்கிற ஆள் இல்லை நான்.

மறுநாள் காலை முதலில் ஸ்கேன் செய்தவர், அனுப்பாமல் விரலை நிறுத்திக்கொண்டார். போனில் பொம்பளை பேர்.

"அண்ணே, வேற யாருக்கோ போவுது போலக்குது."

பின்னால் நின்றவர்களும் போனைப் பார்த்துத் தயங்கினார்கள். நம்ம வூட்டு ஆள்தான், அனுப்புங்கள் என்றேன்.

"அப்ப பேரச் சொல்லுங்க, சரி பாத்துக்குறேன்."

போனில் பணம் ஏமாந்த கதை ஊரெல்லாம் இருக்கும்போது அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அவள் 'இந்தாம்மே'தான். ரேஷன் கடையில் பேர் கேட்டால்கூட கார்டை நீட்டிவிடுவேனே தவிர, வாயால் சொன்னதில்லை. அவளோ உள்ளே வடை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

பஸ் வந்து நின்றது. வரிசையில் ஒருவர் திரும்பிப் புதுக் கடையைப் பார்த்தார். அவ்வளவுதான், பஸ்ஸுக்குள் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரிப் பேரைச் சொல்லிவிட்டேன். இங்கே எழுத மாட்டேன். டீ குடிக்க வந்தால் போனிலேயே வரும்.

எல்லாரும் அனுப்பிவிட்டு ஓடி ஏறினார்கள். அவள் எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"இன்னாங்க, எதுக்குக் கூப்ட்டீங்க?"

"கூப்புடல. பணம் வர்றதுக்காகச் சொன்னேன்."

"அப்டியா. தெனமும் சொல்லணுமா?"

சொல்லத்தான் வேண்டியிருந்தது. கான்ட்ராக்டில் புது ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பழைய கூட்டமும் திரும்பி வந்துவிட்டது. யாராவது போனைப் பார்த்துத் தயங்கினால் பழைய ஆட்களே, "அது அக்கா பேருதான், அனுப்பு" என்று முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் ஒரு தடவை நானே பேரைச் சொல்கிறேன். கடையை நிமிர்த்தியவன் சொன்னால்தானே நம்பிக்கை.