கிழிந்த காதுக்காரன்

இரண்டு வேட்டை சீசனுக்கு முன்னால் என் மச்சினன் துப்பாக்கியைத் தூக்கியபோது, "சின்னப் பய, வளரட்டும் விடு" என்று தடுத்தவன் நான். இடது காது கிழிந்த இளம் ஆண் மான் அது. அன்றிலிருந்து ஒரே நக்கல்தான். "மாமா விட்ட மானைப் பக்கத்து ராஞ்சுப் பண்ணைக்காரன் பிரியாணி போட்டிருப்பான்!"

இந்த ஆகஸ்டில், சீசன் தொடங்குமுன் வேவு பார்க்க, எங்கள் ஊர் காப்பெல்லிலிருந்து வேட்டைப் பண்ணைக்குக் காரோட்டிப் போய், எங்கள் வாடை மான்களுக்கு எட்டாதபடி எதிர்காற்றில் நடந்து, தானாகப் படமெடுக்க மரத்தில் கட்டியிருந்த கேமராவைத் திறந்தோம். முயல், பன்றி, மறுபடி முயல். அடுத்த படத்தில், வளரும் பருவத்து வெல்வெட் தோல் போர்த்திய அகலக் கொம்பு, தொங்கிய வயிறு, கிழிந்த இடது காது!

"மாமா, உங்க ஆளு! காலேஜ் முடிச்சிட்டு வந்திருக்கான்!"

"சொன்னேன்ல மாப்ள, ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும்னு!"

கட்டிப்பிடித்துக் குதித்தோம், கத்தினோம். வேவு பார்க்க வந்தவர்கள் என்பதே மறந்துபோயிற்று.

புதருக்குள் 'புஸ்' என்று ஒரு சீறல். வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு அவனேதான் வேலியைத் தாண்டிப் பறந்தான், பக்கத்து ராஞ்சுக்குள்.

மச்சினன் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஆக்கத்தான் பொறுத்தோம் மாமா. ஆறப் பொறுக்கலையே!"