பனமலையில் பறந்த பஞ்சு

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேட்டைப் பறவைகளை நேரில் காட்டுவதென்று அறிவியல் சார் முடிவு செய்தார். இடம் பனமலை. மேலே கோயில், கீழே ஏரி, சுற்றிலும் வயல். துணைக்குப் பெற்றோரில் ஒருவர் வர வேண்டும் என்றார்கள். மாலையில்தான் எனக்குப் பத்திரிகை அலுவலக வேலை. அதனால் பகல் முழுக்க அம்மா சும்மா இருக்கிறாள் என்று என் மகன் நம்புகிறான். என்னைக் கேட்காமலேயே வகுப்பில் எனக்காகக் கை தூக்கிவிட்டு வந்திருந்தான்.

தை மாதக் காலை. விழுப்புரத்திலிருந்து பள்ளி பஸ் கிளம்பியதும் பின் இருக்கைகளில் கூச்சல் ஆரம்பித்தது.

"பஞ்சு மிட்டாய்! பஞ்சு மிட்டாய்!"

கூப்பிடப்பட்டவள் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் இருந்தாள். அந்த வருடம்தான் திண்டிவனத்துப் பள்ளியிலிருந்து மாறி வந்தவள். தீபாவளி விடுமுறையில் பனமலையில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனவள், திரும்பி வந்து வகுப்பில் ஒரு கதை சொல்லியிருக்கிறாள். மலைக்கு மேலே புறா ஒன்று பறந்துகொண்டிருந்ததாம். வானத்திலிருந்து ஒரு பறவை கல்லைப்போல விழுந்து அதை அடித்ததாம். அடித்த இடத்தில் பஞ்சு வெடித்த மாதிரி ஆனதாம். புறாவைக் காணோமாம்.

"புறாவும் இல்ல ஒண்ணும் இல்ல. எவனோ பஞ்சு மிட்டாய் வித்துக்கினு போயிருப்பான்" என்று ஒரு பையன் சொல்ல, வகுப்பு சிரித்தது. அன்றிலிருந்து அதுதான் அவள் பெயர். வருகைப்பதிவு எடுக்கும்போது அவள் எழுந்து "உள்ளேன் ஐயா" என்றால், பின்னாலிருந்து யாராவது "ரோஸ் கலரா, மஞ்சள் கலரா?" என்று கேட்பார்களாம். இதையெல்லாம் எனக்குச் சொன்னது என் மகன். அந்தப் பெயரை வைத்தவனும் அவன்தான். பாதியை அவன் பெருமையாகச் சொன்னான், மீதியை நான் கேட்டு வாங்கினேன்.

பஸ் ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது அவன் எழுந்து நின்று அறிவித்தான்.

"இன்னைக்கு அந்தப் பறவை வரலைன்னா பத்தாவது முடியற வரைக்கும் நீ பஞ்சு மிட்டாய்தான். ஓகேவா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "வந்துச்சுன்னா?"

அவன் அதை யோசித்திருக்கவில்லை. "வந்துச்சுன்னா... வந்துச்சுன்னா பாத்துக்கலாம்."

"இன்னாடா பாத்துக்கலாம்? வந்துச்சுன்னா நீதான் பஞ்சு மிட்டாய். பத்தாவது வரைக்கும்."

பஸ் அதிர்ந்தது. பெண்கள் பக்கம் கைதட்டல், பையன்கள் பக்கம் அதைவிடப் பலமான கைதட்டல். தன் நண்பர்கள் இவ்வளவு சுலபமாகக் கட்சி மாறுவார்கள் என்று என் மகன் எதிர்பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் ஜன்னலுக்கு வெளியே கரும்புத் தோட்டத்தைப் பார்த்தேன். நிருபர் சம்பவத்தில் தலையிடக் கூடாது.

அடுத்த கால் மணி நேரம் அறிவியல் சார் பாடம் நடத்த முயன்றார். முதுகுப் பையில் இரண்டு பைனாகுலர்கள் வைத்திருந்தார். ஒன்று அவருடையது, இன்னொன்று நண்பரிடம் இரவல். அவர் கொக்கி அலகைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது நெல் வயலிலிருந்து வெள்ளைக் கொக்குகள் கூட்டமாக எழுந்தன. பாடம் அதோடு நின்றது. இடப்பக்கத்துப் பிள்ளைகள் ஜன்னல் வழியே விரல்களை நீட்டி நகத்தோடு நகம் உரசினார்கள்.

"கொக்கே கொக்கே பூப்போடு!"

வலப்பக்கத்தில் இருந்தவர்கள் அவர்கள் மேல் ஏறி விழுந்து தங்கள் நகங்களையும் நீட்டினார்கள். பறக்கும் கொக்கைப் பார்த்து நகத்தை உரசினால் அதில் வெள்ளைப் புள்ளி விழும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"அது வேட்டைப் பறவை இல்லப்பா" என்றார் சார்.

"மீனைப் புடிச்சுத் துன்னுது இல்ல சார்? அப்ப அதுவும் வேட்டைதான?" என்று ஒரு பெண் கேட்டாள்.

சார் "ஜன்னல்ல கை நீட்டாதீங்க" என்றார்.

பனமலை ஏரிக்கரை தெரிந்ததும் டிரைவர் பஸ்ஸை மெதுவாக்கினார். செம்பருந்து ஒன்று, வெள்ளைத் தலையும் செங்கல் நிற இறக்கையுமாகத் தண்ணீருக்கு மேலே வட்டமிட்டது. டிரைவர் பஸ்ஸை நிறுத்தி, கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். அது கருடன். பெருமாளின் வாகனம். பின்னால் வகுப்பே கண்ணை மூடிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் பிள்ளைகளும் ஒரு வேகத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கண்ணைத் திறந்தபோது கருடன் தென்னந்தோப்புக்குப் பின்னால் போயிருந்தது.

"இன்னைக்கு நாம பாத்த முதல் வேட்டைப் பறவை. வால் எப்படி இருந்துச்சு? பிளவா, வட்டமா?" சார் ஆவலோடு கேட்டார்.

பின் இருக்கையிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"தெரியல சார். கும்பிட்டுக்கினு இருந்தோம்."

"யாருமே பாக்கலையா?"

"டிரைவர் அண்ணனைக் கேளுங்க சார்."

"நானும் கும்பிட்டுக்கினுதான் இருந்தேன்" என்றார் டிரைவர்.

மலை உயரமில்லை. ஆனால் பிள்ளைகள் படிகளில் ஓடி ஏறியதில் மேலே போனதும் பாதிப் பேர் பாறையில் மல்லாந்து விழுந்தார்கள். பல்லவர் காலத்துக் கோயில், அதன் விமானத்தில் மாடத்துக்கு மாடம் புறாக்கள். மறுபக்கம் பாறைச் சரிவு, அதற்குக் கீழே ஏரி தகடுபோல விரிந்திருந்தது. காற்று ஏரியிலிருந்து எங்கள் முகத்துக்கு வந்தது.

சார் விதிகளைச் சொன்னார். கத்தக் கூடாது. குதிக்கக் கூடாது. பறவை எந்தப் பக்கம் என்பதைக் கடிகாரத்தில் மணி சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். எதிரே தெரியும் ஒற்றைப் பனைமரம் பன்னிரண்டு மணி.

"சார், மூணு மணி!" என்று ஒருவன் கிசுகிசுத்தான். எல்லோரும் வலப்பக்கம் திரும்பினோம்.

"அது காக்காடா."

"சார், ஒம்பது மணி!"

இடப்பக்கம் திரும்பினோம். அதே காக்கை.

அந்தப் பெண் மட்டும் பனைமரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் கண் புறாக்கள் மேல் இருந்தது. "புறா வெளிய வந்தாத்தான் அது வரும் ஆன்ட்டி" என்றாள் என்னிடம், உதடு அசையாமல். டப்பாவைத் திறந்து வறுத்த வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, எனக்குப் பாதி கொடுத்தாள். தான் ஒன்றுகூடத் தின்னவில்லை. ஓடுகளை மட்டும் உடைத்து உடைத்து மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

நேரம் போனது. இரண்டு கரும்பருந்துகள், தூரத்தில் பெயர் தெரியாத ஒன்று, அந்தக் காக்கை இன்னும் பலமுறை. என் மகன் உற்சாகத்தின் உச்சத்தில் இருந்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவள் பக்கம் வந்து, "ரோஸ் கலரா, மஞ்சள் கலரா?" என்று கேட்டுவிட்டுப் போனான். சார் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பிட்டுவிட்டு இறங்கலாம் என்றார். டப்பாக்கள் திறந்தன. எலுமிச்சை சாதம், தக்காளி சாதம், மறுபடி எலுமிச்சை சாதம்.

அப்போதுதான் ஏரியிலிருந்து கருடன் மேலே வந்தது. பஸ்ஸிலிருந்து பார்த்ததைப் போலத் தூரத்தில் அல்ல. சரிவின் ஓரமாகக் காற்றில் ஏறி, எங்கள் கண் உயரத்துக்கே வந்து நின்றது. கழுத்தின் வெள்ளையில் இருந்த மெல்லிய கோடுகள்கூடத் தெரிந்தன.

"பன்னெண்டு மணி! பன்னெண்டு மணி! கருடன்!"

நாற்பது பிள்ளைகள் சாப்பாட்டுக் கையோடு எழுந்து, கண்ணை இறுக்கி மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாதப் பருக்கைகள் கன்னங்களில் ஒட்டின. சாரின் உதடும் எதையோ முணுமுணுத்தது. நானும் கண்ணை மூடியிருந்தேன்.

கண் மூடியிருந்ததால் ஒரு சத்தம் மட்டும் கேட்டது. ஈரத் துணியைக் கல்லில் அடித்ததுபோல, டப்பென்று. உடனே அவள் குரல்.

"அடிச்சிட்டுது! சார், அடிச்சிட்டுது! தோ, தோ!"

கண்ணைத் திறந்தோம். கருடன் அமைதியாக வட்டமிட்டுக்கொண்டிருந்தது. வேறு எதுவும் இல்லை. விமானத்துப் புறாக்கள் மட்டும் மொத்தமாக எழுந்து சிதறிக்கொண்டிருந்தன.

"எங்க?" என்றார் சார்.

"போயிட்டுது சார். அந்தப் பாறைக்குக் கீழ. புறாவைத் தூக்கிக்கினு போயிட்டுது. நீங்க யாரும் பாக்கலையா? மெய்யாலுமே ஒருத்தரும் பாக்கலையா?"

யாரும் பார்க்கவில்லை. அவள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லா முகத்திலும் சோறு. அவள் கண்ணில் நீர் திரண்டது.

என் மகன் சிரிக்க ஆரம்பித்தான். "கரெக்டா நாங்க கண்ண மூடுறப்பதான் வருமா உன் பறவ? ரோஸ் கலரா, மஞ்ச..."

அவன் வாய்க்குள் எதுவோ போனது. துப்பினான். கையில் எடுத்துப் பார்த்தான். சின்னதாக, சாம்பல் நிறத்தில், அடி வெளுத்து, பஞ்சுபோல ஒரு இறகு.

அடுத்தது சாரின் தலையில் இறங்கியது. இன்னொன்று என் தக்காளி சாதத்தில். நாங்கள் நிமிர்ந்து பார்த்தோம். சரிவுக்கு மேலே, கருடனுக்கும் மேலே, வானத்தில் ஒரு சின்னப் புகை மூட்டம் மாதிரி இறகுகள் மிதந்து, காற்றோடு நேராக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தன.

முதலில் கத்தியது சார். "வல்லூறு!" என்று கத்தினார். பிறகு குதித்தார். தான் சொன்ன விதிகளை ஒவ்வொன்றாக மீறினார். "டேய், வல்லூறுடா! வானத்துலயே அடிச்சிருக்குதுடா! இருபது வருசமா நான் இதைப் பாத்ததில்லடா!"

"இன்னைக்கும் நீங்க பாக்கல சார்" என்றது ஒரு பெண் குரல்.

பிள்ளைகள் டப்பாக்களைக் கீழே போட்டுவிட்டு இறகு பிடிக்கப் பாறையெங்கும் ஓடினார்கள். சார் ஒரு கையால் பைனாகுலரையும் மறு கையால் சரிவின் ஓரத்துக்குப் போகும் பிள்ளைகளின் சட்டைக் காலரையும் பிடித்திருந்தார். கடைசியில் கீழ்ப் பாறை விளிம்பில் அதைக் கண்டுபிடித்தார். புறாவைக் காலால் அழுத்திக்கொண்டு இறகு பிய்த்துக்கொண்டிருந்தது. கறுத்த தலை, இரண்டு கன்னத்திலும் கறுப்புப் பட்டை. பைனாகுலருக்கு வரிசை நின்றது.

"மீசை வச்சிருக்குது சார்!"

"எங்க மாமா மாரியே இருக்குது சார்!"

"அது பெண் பறவைன்னு நினைக்கிறேன்" என்றார் சார். "இவ்வளவு பெரிசா இருக்குதே. வல்லூறுல பெண்தான் பெரிசு."

பெண்கள் பக்கம் இரண்டாவது முறை ஆரவாரம். பையன்கள் தங்கள் முறைக்காக மரியாதையாகக் காத்திருந்தார்கள். என் மகன் வரிசையின் கடைசியில் நின்றான். பைனாகுலர் அவனிடம் வந்தபோது நீண்ட நேரம் பார்த்தான். பிறகு அவளிடம் நீட்டினான்.

"நான்தான் பாத்துட்டனே" என்றாள் அவள். மடியிலிருந்த ஓடுகளைக் கொட்டிவிட்டு, மிச்சமிருந்த மல்லாட்டையை ஒரே வாயில் போட்டுக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் வருகைப்பதிவு எடுத்தார்கள். என் மகன் முறை வந்ததும் பஸ்ஸே கேட்டது: "ரோஸ் கலரா, மஞ்சள் கலரா?" அவன் எழுந்து, "சாம்பல் கலரு" என்றான். அது நல்ல பதில் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பெயர் பெயர்தான். பத்தாவது வரைக்கும்.

ஏரிக்கரையில் பஸ் மறுபடி மெதுவானது. கருடன் தண்ணீருக்கு மேலே வந்திருந்தது. டிரைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். வகுப்பே கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தது, ஒரு கண்ணை மட்டும் மூடி. மற்ற கண்கள் வானத்தைத் துழாவிக்கொண்டிருந்தன. சாருக்கு ஒற்றைக் கண்ணை மூட வரவில்லை. அதனால் ஒரு கண்ணைக் கையால் பொத்தியிருந்தார்.

மூன்றாவது வரிசையில் அவள் மட்டும் இரண்டு கண்ணையும் மூடி, நிதானமாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.