ஆவி அடைத்த அண்டா

பாட்டிலில் தைலம் சொட்டுவது நின்றுபோனதை முதலில் பார்த்தது நான்தான். எழுபதுகளின் கடைசியில், சேர்வராயன் மலையில், கொட்டச்சேட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் தைல மரத்து இலை காய்ச்சுவார்கள். குழாய் நுனியில் குந்திச் சொட்டைப் பார்ப்பது என் வேலை. பெரிய அண்டாவில் தண்ணீரும் இலையும் போட்டு, மூடியைச் சுற்றிக் கேழ்வரகு மாவைப் பிசைந்து அப்பி, மேலே கல் ஏற்றிவிடுவார்கள். தண்ணீர் கொதித்து ஆவியாகி, இலையிலிருக்கும் தைலத்தையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் ஓடும். குழாய் குளிர்ந்த தொட்டிக்குள் போய் வருவதால், ஆவி மறுபடி தண்ணீரும் தைலமுமாகச் சொட்டும். நான் அஞ்சாவது வரை படித்தவள். தண்ணீர் ஆவியானால் எவ்வளவு இடம் கேட்கும் என்று எந்தப் பாடத்திலும் படித்த ஞாபகம் இல்லை.

அன்று குழாய் எங்கோ அடைத்துக்கொண்டு, அண்டாவுக்குள் உறுமல் கேட்டது. அப்பியிருந்த மாவு உப்பிச் சீறியது. கீழே அடுப்புக் குழியில் என் வீட்டுக்காரர் குனிந்து விறகு தள்ளிக்கொண்டிருந்தார். மூடி பறந்தால் கொதிப்பெல்லாம் அவர் முதுகில்தான் விழும்.

மேஸ்திரி சேலத்துக்காரர். காப்பிச் செடிக் கம்பு இல்லாமல் அவர் கையை யாரும் பார்த்ததில்லை. தலையைக் குனிந்துகொண்டே, "ஏனுங்க, ஆவி வரலைங்க. உள்ளயே நின்னுக்கிச்சுங்க" என்றேன்.

"ஆவியா? யாரு, செத்துப்போன உன் மாமியாளா?" என்று சிரித்தார். "ஸ்டீமுன்னு சொல்லத் தெரியல, தைலங் காச்ச வந்துட்டா. பூசாரியக் கூட்டியா, ஓட்டிரலாம். டேய், இன்னும் நாலு கட்டை தள்ளுடா!"

ஒரு குடம் தண்ணீரை மொண்டு அடுப்பில் ஊற்றினேன். உடனே கம்பு என் தோளில் விழுந்தது, பிறகு காதோரம். கொண்டையைப் பிடித்துத் தரையில் தள்ளி மிதித்தார். வாயெல்லாம் ரத்தம் உப்புக் கரித்தது.

"உடுங்க அவள!" என்று கத்தியபடி வீட்டுக்காரர் குழியிலிருந்து ஏறி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார். மேஸ்திரி உதறிவிட்டு, "உங்க ரெண்டு பேத்துக்கும் அப்புறம் இருக்குது" என்று, அணைந்த கட்டையைத் தானே கிளறிவிடக் குழிக்குள் இறங்கிக் குனிந்தார்.

மூடி கல்லோடு பறந்தது. வெள்ளையாக ஒரு சுவர் எழும்பி அவரை மறைத்தது. அலறல் மட்டும் கேட்டது. வெளியே இழுத்தபோது முகத்துத் தோல் வெந்த கிழங்கின் தோலைப் போலக் கழன்று வந்தது. எஸ்டேட் லாரி அடிவாரம் சேரும்வரை அவர் தலை என் வீட்டுக்காரர் மடியில்தான் கிடந்தது.

அன்று வாங்கிய அடியால்தான் என் தாலி தங்கியது. ஆனாலும் ஏன் கத்திச் சொல்லவில்லை என்று பல வருசம் என்னையே குடைந்துகொண்டிருந்தேன்.

பிறகு ஒரு சேர்வராயன் கோயில் திருவிழாவில் மேஸ்திரியைப் பார்த்தேன். கண் இரண்டும் போய், மகள் கையைப் பிடித்து நின்றார். நான் யாரென்று சொன்னதும், "நீ சத்தமாச் சொல்லியிருந்தா நாங் கேட்டிருப்பேன்" என்றார்.

"கேட்டிருக்க மாட்டீங்க. இன்னும் ரெண்டு அடி சேத்து அடிச்சிருப்பீங்க."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. அவர் மகள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அப்புறம், "உம் புருசன் நல்லா இருக்கானா கண்ணு?" என்றார்.

"இருக்காருங்க" என்றேன். பத்தடி தள்ளிப் பொங்கல் பிரசாதத்துக்கு வரிசையில் நின்ற என் வீட்டுக்காரரைக் கூப்பிட மட்டும் எனக்கு மனசு வரவில்லை.