நிரம்பிப்போன சுவர்

எண்பதுகளின் தொடக்கம். மதுரைக்குக் கிழக்கே ஒத்தக்கடையில், வயல்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த சமயம். நான் இன்ஜினியரிங் முடித்து நாலைந்து வருடம்தான் ஆகியிருந்தது. குறைந்த சிமென்ட், குறைந்த செங்கல், கோடையிலும் குளிர்ந்த வீடு என்று கிடைத்தவர்களையெல்லாம் பிடித்துவைத்துப் பேசுவேன். பலர் காபியைக் குடித்துவிட்டு நழுவிவிடுவார்கள். ஒத்தக்கடையில் மனை வாங்கியிருந்த பசுமலை மிஷன் பள்ளி ஆசிரியர் ஒருவர் மட்டும் கடைசிவரை கேட்டார். அவர் மனைவிக்கு வெயில் என்றாலே மண்டையைப் பிளக்கும் தலைவலி.

"மத்தியானம் இவ நிம்மதியாப் படுக்கணும் தம்பி. அம்புட்டுத்தான் நான் கேக்குறது" என்றார். நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நான் தேர்ந்தெடுத்தது எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்துக் கட்டுவார்கள். சுவருக்குள்ளே வரிசையாக வெற்றிடம் இருக்கும். அதில் அடைபட்ட காற்று வெளிச்சூட்டை உள்ளே விடாது, செங்கல்லும் மிச்சம். கொத்தனார் கெட்டிக்காரர். ஒருநாள் காட்டினேன், மறுநாள் என்னைவிட நன்றாகக் கட்டினார். தினமும் சாயங்காலம் பஸ்ஸில் போய் அன்றைக்குக் கட்டியதைப் பார்ப்பேன். ஓட்டைகள் அளந்து வைத்ததுபோல இருக்கும். திருப்தியோடு வீடு திரும்புவேன்.

குடிபோன முதல் சித்திரையில் அங்கே போனால், ஆசிரியரின் மனைவி நெற்றியில் ஈரத்துணியோடு வேப்பமரத்தடியில் படுத்திருந்தார். வீட்டுக்குள் நிற்க முடியவில்லை. மேற்குச் சுவரில் கை வைத்தேன், தோசைக்கல்தான்.

"வெயில்னா அப்படித்தான் தம்பி" என்றார் ஆசிரியர். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. இதே முறையில் செல்லூரில் ஒரு தறிப்பட்டறைக்குக் காவலாளி அறை கட்டியிருந்தேன். அது ஜில்லென்று இருந்தது. இது மட்டும் ஏன் இப்படி? செங்கல் சரியில்லையா? சுற்றிலும் மரம் போதாதா? அல்லது நான்தான் அரைகுறையா? தெர்மாமீட்டரை மாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். புத்தகங்களைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். பக்கத்து மனைகளை வாங்கியிருந்த வேறு இரண்டு ஆசிரியர்கள் வந்து சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே போனார்கள்.

கடைசியில் ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு மேற்குச் சுவரில் ஒரு செங்கல்லைப் பெயர்த்தேன். உள்ளேயிருந்து பொலபொலவென்று உடைசல் கல்லும் காய்ந்த மண்ணும் கொட்டின. இன்னோர் இடத்தில் பெயர்த்தேன். அங்கேயும் அதேதான். நான் விட்ட ஓட்டை ஒன்றுகூட இல்லை.

கொத்தனார் அப்போது இரண்டு தெரு தள்ளி வேறு வேலையில் இருந்தார். மூச்சிரைக்க ஓடினேன்.

"நீங்கதான சார் நெரப்பச் சொன்னீக?" என்று அவர் என்னையே கேட்டார். "காலையில வந்து பாத்தா நெரம்பி இருக்கும். இன்ஜினியர் சொல்லிட்டுப் போனாருன்னு இந்தச் சித்தாள்தான் சொல்லுச்சு."

முதல் ஆளாக வந்து, முந்தின நாள் கட்டிய சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவது அந்த அம்மாவின் வேலை. கலவைச் சட்டியைத் தலையிலிருந்து இறக்காமலே என்னைப் பார்த்தார். பயந்த மாதிரியே தெரியவில்லை.

"ஆமா, பொய்தான் சொன்னேன். எம் மவளுக்கு எழுத்துச் சொல்லிக்குடுத்தது அந்த வாத்தியார்தான். அவுக வீட்டுச் செவர உள்ள ஓட்டையா விட்டு, வெளிய பூசி மறைக்கப் பாத்தீக. கல்ல மிச்சம்பிடிச்சு ஏமாத்துறீகன்னு நெனச்சேன். பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்றீகளா?"

எனக்கு முகம் சுண்டிப்போனது. இத்தனை நாள் ஒரு ஆள் என்னைத் திருடன் என்று நினைத்துக்கொண்டே எனக்காகக் கல் சுமந்திருக்கிறார்! ஓட்டை எதற்கு என்று தட்டுத்தடுமாறி விளக்கினேன்.

முழுவதும் கேட்டுவிட்டு, "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

கொத்தனாருக்கும் நான் 'எப்படி' என்று காட்டினேனே தவிர, 'எதற்கு' என்று சொல்லவில்லை. சித்தாள்களிடம் வாயே திறந்ததில்லை.

ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லி, மேற்குச் சுவரை இடித்துக் கட்டித் தருகிறேன் என்றேன். அவர் மனைவி எழுந்து உட்கார்ந்தார். "அம்புட்டுக் கல்லையும் ஒத்தையாச் சொமந்து கொட்டியிருக்காளே, பாவம்! இடிக்க வேணாம் தம்பி."

இடிக்கவில்லை. மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு சாண் இடைவெளி விட்டு, மெல்லிதாக இன்னொரு சுவர் எழுப்பினோம். அந்த இடைவெளியில் ஒரு துளிக் கலவைகூடச் சிந்தாமல் கொத்தனாரை விரட்டிக்கொண்டிருந்தவர் அதே அம்மாதான். அடுத்த சித்திரையில் நான் போனபோது கதவு சாத்தியிருந்தது. "உள்ள தூங்குறா" என்று ஆசிரியர் மெதுவாகச் சொன்னார்.

அந்த வீட்டில் தப்புச் செய்தது யார் என்று எனக்கு இன்றும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் புதிதாகக் கட்டும் இடத்தில் ஒரு சித்தாள் சட்டியோடு நின்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தால், வரைபடத்தை மடக்கி வைத்துவிட்டு முதலில் அவரிடம்தான் போகிறேன்.