பழைய நம்பர், புது நம்பர்

நாங்கள் பெங்களூருக்குள்ளேயே ஜீவனஹள்ளியிலிருந்து பீன்யாவுக்கு வீடு மாறியது ஆனி மாதத்தின் கடைசி வாரத்தில். கிழமையில் மட்டும் எங்கள் வீட்டில் இன்றுவரை தகராறு உண்டு. நான் வியாழன் என்பேன், அம்மா வெள்ளி என்பாள். மாதத்தில் சந்தேகமே இல்லை. ஏனென்றால் அம்மா ஆடி மாதத்தை நம்பித்தான் இருந்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள் இழுத்துட்டேன்னா ஆடி வந்துடும். ஆடியில வீடு மாறக்கூடாதுன்னு சொல்லி நிறுத்திடுவேன்" என்று எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் அவள் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். ஆனால் பீன்யாவில் வேலை பார்த்த மாமா, அப்பாவின் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டை ஆனிக்குள் பிடித்துக் கொடுத்துவிட்டார். அப்பாவுக்கு இரண்டு பஸ் மாறும் தொல்லை ஒழிந்தது. அம்மா தன் சொந்தத் தம்பியோடு சில நாள் பேசவில்லை.

அம்மா பிறந்தது, படித்தது, கல்யாணமாகிக் குடியிருந்தது எல்லாமே ஜீவனஹள்ளிதான். அப்பா ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். எங்கள் தெருவில் ரேஷன் கார்டோ, கேஸ் இணைப்போ, பள்ளிக்கூட அட்மிஷனோ, எது வேண்டுமானாலும் விண்ணப்பம் எழுதுகிறவள் அம்மா. கன்னடத்திலும் எழுதுவாள், இங்கிலீஷிலும் எழுதுவாள். சாயங்காலமானால் யாராவது ஒருவர் ஜெராக்ஸ் கட்டோடு எங்கள் கேட்டைத் தட்டுவார். அந்தக் கேட்டில் இரண்டு எண்கள் இருக்கும். எப்போதோ தெருவுக்கே கதவு எண்ணை மாற்றியபோது, பழையதை அழிக்காமல் புதியதையும் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். பழைய நம்பர் 14, புது நம்பர் 27. எங்கள் முகவரியை எழுதினால் இரண்டையும் எழுத வேண்டும்.

சாமான் கட்டும்போது அப்பா சொன்னார்: "போஸ்ட் ஆபீஸ்ல ஒரு லெட்டர் கொடுத்துடணும். இங்க வர்ற தபாலெல்லாம் புது வீட்டுக்குத் திருப்பி அனுப்பிடுவாங்க."

"அத நான் பாத்துக்கறேன்" என்றாள் அம்மா. அன்றே எழுதி, அன்றே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டும் வந்தாள்.

ஆடி பிறந்தது, பாதியும் போனது. பீன்யா வீட்டுக்கு ஒரு தபால்கூட வரவில்லை. ஜீவனஹள்ளி வீடு இன்னும் வாடகைக்குப் போகாமல் பூட்டிக் கிடந்ததால், போஸ்ட்மேன் எல்லாவற்றையும் எதிர்வீட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் அம்மா சனிக்கிழமைதோறும் என்னைக் கூட்டிக்கொண்டு, மெஜஸ்டிக்கில் பஸ் மாறி, தபால் எடுத்துவரப் போனாள். வேறு வழியில்லாமல் என்பது அம்மாவின் வாசகம்.

முதல் சனிக்கிழமையே மாமா வாசலில் பிடித்துக்கொண்டார். "ஏன்க்கா, கரண்ட் பில்லு வாங்கவா மல்லிப்பூ வெச்சிக்கினு போற?"

"பூ வெச்சா பஸ்ல ஏத்தமாட்டாங்களாடா? போடா, வேலையைப் பாரு."

எதிர்வீட்டு ஆன்ட்டி தபால்களை ஃபிரிட்ஜின் மேல் ரொட்டிக் கூடைக்கு அடியில் வைத்திருப்பார். ஒருமுறை ஒரே ஒரு இன்சூரன்ஸ் நோட்டீஸ்தான் வந்திருந்தது. "இந்த ஒரு காகிதத்துக்கா அவ்ளோ தூரம் வந்தே?" என்றார் ஆன்ட்டி. "பின்ன? முக்கியமான காகிதம்" என்றாள் அம்மா. இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். பிறகு அந்த முக்கியமான காகிதத்தை மறந்து வைத்துவிட்டு, பாதித் தெருவிலிருந்து திரும்பி ஓடினோம்.

அப்பாவுக்கு பாங்கிலிருந்து புது ஏடிஎம் கார்டு வரவேண்டியிருந்தது. வழியில் தொலைந்தால் என்ன செய்வது என்று அவருக்குக் கவலை. ஒருநாள் லீவு போட்டு, எனக்கும் பள்ளி விடுமுறையாக இருந்ததால், என்னையும் கூட்டிக்கொண்டு நேரே ஜீவனஹள்ளிப் பக்கத்துத் தபால் நிலையத்துக்குப் போனார்.

கவுன்ட்டரில் இருந்தவர் கன்னடக்காரர், அந்தப் பக்கத்துத் தமிழும் பேசுவார். கோப்பிலிருந்து அம்மாவின் விண்ணப்பத்தை எடுத்துக் கண்ணாடி வழியாகக் காட்டினார். அம்மாவின் முத்து முத்தான எழுத்து. பழைய முகவரி என்ற இடத்தில் பழைய நம்பர் 14. புது முகவரி என்ற இடத்தில் புது நம்பர் 27. தெரு ஒன்றுதான்.

"நோடி சார், இங்கேருந்து எடுத்து இங்கயே போடச் சொல்லியிருக்காங்க. ரெண்டும் ஒந்தே மனெ, அல்வா?"

அப்பா அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமா சார், அல்வாதான்" என்றார்.

"இந்த ஏரியாவுல பாதி அர்ஜி இவங்க கையெழுத்துதான் சார். ஒரு தப்பு இருக்காது. இதுல எப்படி விட்டாங்கன்னு தெரியல." அவர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "நீங்களே புதுசா எழுதிக் கொடுத்துடுங்க. நாளையிலேருந்து பீன்யாவுக்கே போயிடும்."

அப்பா பேனாவைத் திறந்தார். கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தார். பேனாவை மூடினார். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அப்புறம் கொடுக்கறேன் சார். கார்டு வந்தா எதிர்வீட்லயே கொடுக்கச் சொல்லிடுங்க" என்றார்.

வெளியே பேக்கரியில் எனக்கு தில்பசந்த் வாங்கிக் கொடுத்தார். "அம்மா கேட்டா போஸ்ட் ஆபீஸ் மூடியிருந்துச்சுன்னு சொல்லு கண்ணு." நான் வாய் நிறைய இனிப்போடு தலையாட்டினேன்.

வந்த சனிக்கிழமை காலை, அம்மா பூவை நறுக்கிக்கொண்டிருக்கும்போது அப்பாவே சொன்னார்: "கார்டு வந்திருக்கான்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்துடேன். சாயங்காலமா வந்தாப் போதும்."

"எனக்குத்தான் எல்லா அலைச்சலும்" என்றாள் அம்மா, நிலைக்கண்ணாடியைப் பார்த்தபடி.

எனக்கு இருவரையும் நினைத்தால் பாவமாக இருந்தது. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த அம்மாவுக்குத் தன் வீட்டு விண்ணப்பத்தை ஒழுங்காக எழுத வரவில்லை. அப்பாவுக்கு அதுவும் வராது. கன்னடத்தில் 'அல்வா' என்றால் 'இல்லையா' என்று அர்த்தம். அந்த மனிதர் கேட்டதற்கு 'ஹௌது', அதாவது 'ஆமாம்' என்று சொல்லியிருக்க வேண்டும். அது தெரியாமல் 'அல்வாதான்' என்கிறாரே, இத்தனை வருஷம் பெங்களூரில் இருந்து என்ன பிரயோஜனம் என்று மெஜஸ்டிக் போய்ச் சேரும்வரை யோசித்துக்கொண்டே போனேன்.