அருவிக்குப் பின்னால் இருக்கும் பூதம்

என் மகளுக்கு ஒரு கதைப் புத்தகம்னா உயிர். சாப்பிடும்போதும் கையில் அதுதான். நான் எத்தனை ஏச்சு ஏசினாலும் கீழே வைக்கமாட்டாள். கதை இதுதான். ஓர் அருவிக்குப் பின்னால் பூதம் இருக்கும், ஊரே பயந்து சாகும். ஒரு சின்னப் பிள்ளை மட்டும் கிட்டே போய், "உனக்குக் குளிரலையா?" என்று கேட்பாள். பூதம் அழுதுவிடும்.

வகுப்பில் அவளுடைய உயிர்த்தோழி இதை நம்பவில்லை. "ஏட்டி, பூதம் எங்கயாவது அழுமா? சும்மா அடிச்சு விடுத." இவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கதையையே படமாக எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், "படத்துல வரும், வந்து பாரு" என்று சவால் விட்டுவிட்டாள். இரண்டு பேரையும் தென்காசியில் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அன்றைக்குக் குற்றாலத்தில் தண்ணீர் கூடிப்போய், போலீஸ் விசில் அடித்து எல்லாரையும் வெளியேற்றியிருந்தது. சீசனில் குளிக்கத் தடை போட்டால் எங்கள் ஊர்த் தியேட்டர் நிரம்பிவிடும். தலையில் வைத்த எண்ணெயோடு வந்துவிடுவார்கள். என் பக்கத்து சீட்டு அண்ணாச்சி தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தார்.

படத்தில் சின்னப் பிள்ளையே இல்லை! அவளைக் கல்லூரிப் பெண்ணாக்கி, ஒரு காதலனையும் கொடுத்து, அவன் கையில் வாளையும் கொடுத்திருந்தார்கள். பூதத்தின் கையை அவன் வெட்ட, ரத்தம் பீறிட, பிள்ளைகள் அலறின. அடுத்த நிமிஷம் அவனும் அவளும் கொட்டுகிற அருவிக்கு அடியில் நின்று பாட்டு. "ஏலே, இம்புட்டுத் தண்ணிக்கு இந்நேரம் விசில் அடிச்சிருப்பான்லே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தியேட்டரே சிரித்தது.

கோபம் ஒரு பக்கம். இதை யாருக்குத்தான் எடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை என்னால். இடைவேளையில் கல்லூரிப் பையன்களிடம் கேட்டேன். "பேசுத அணிலெல்லாம் வருதுக்கா. சின்னப்பிள்ளைக படம்" என்றார்கள். அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டிருந்த ஒருத்தி, "இது பெரியவங்க படம்லா!" என்றாள். கடைசியில் அண்ணாச்சியிடமும் கேட்டேன். "அந்த ஆராய்ச்சி நமக்கு எதுக்கும்மா? குளிக்க விட்டுட்டானான்னு போன்ல பாத்துச் சொல்லுங்க."

கடைசி வரை பூதம் அழவில்லை. செத்துப்போனது. "குளிரலையான்னு யாருமே கேக்கலயேட்டி. நீ பொய்தான சொன்ன?" என்றாள் தோழி. என் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். படம் எடுத்தவன் மட்டும் எதிரில் இருந்திருந்தால் அன்றைக்கு நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

தண்ணீர் குறைந்து தடையை எடுத்துவிட்டதாக வெளியே பேசிக்கொண்டார்கள். குளித்தாலாவது முகம் தெளியும் என்று இரண்டையும் குற்றாலம் பஸ்ஸில் ஏற்றினேன். வழி நெடுக ஆளுக்கொரு ஜன்னல்.

அருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். தோழி முதலில் தலையைக் கொடுத்தாள். பல் தந்தியடித்தது. வெளியே ஓடி வருவாள் என்று துண்டை விரித்துக்கொண்டு நின்றேன். அவள் வரவில்லை. பாறைப் பக்கம் திரும்பி, தண்ணீருக்குள் எதையோ உற்றுப் பார்த்தாள். அப்புறம் வாயருகே கையைக் குவித்துக் கத்தினாள்.

"ஏய்! உனக்குக் குளிரலையா?"

கொஞ்ச நேரம் காதை வைத்துக் கேட்டாள். பிறகு எங்களைப் பார்த்துக் கையாட்டினாள்.

"ஏட்டி, இங்கன வாயேன். உள்ள யாரோ அழுத மாதிரி கேக்குது."

என் கையை உதறிவிட்டு மகள் ஓடினாள்.